தொல்பாலூட்டிப் பொம்மைகள் சேர்க்கத் தொடங்குபவருக்கு

டைனோசர் பொம்மை சேர்ப்பவருக்கு உள்ள வசதி நமக்குக் கிடையாது. டைரனோசாரஸை எல்லா நிறுவனங்களும் திரும்பத் திரும்பச் செய்துகொண்டே இருக்கும். இந்த வருடம் தவறவிட்டால் அடுத்த வருடம் அதைவிட நல்லதாக ஒன்று வரும். அழிந்துபோன பாலூட்டிகள் விஷயத்தில் அப்படி இல்லை. கம்பளி மாமத்தும் வாள்பல் பூனையும் எப்போதும் கிடைக்கும். அடுத்தபடியாகக் கம்பளிக் காண்டாமிருகம். அதைத் தாண்டினால் தேடித்தான் பிடிக்க வேண்டும். காண்டாமிருகம் போன்ற யூயின்டாதீரியமோ ஒட்டகம் போன்ற மக்ரௌகேனியாவோ வருவது அபூர்வம். வந்தாலும் சில வருடங்களில் தயாரிப்பை நிறுத்திவிடுவார்கள், அப்புறம் பழைய பொருள் விற்பவர்களிடம் போய் நிற்க வேண்டியதுதான்.

இதனால் புதிதாக வருபவர்கள் கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கிப் போடுகிறார்கள். ஆறு மாதத்தில் அலமாரி நிறைந்துவிடும், ஆனால் பார்க்க ஒரு பொம்மைக்கடை மாதிரி இருக்கும். எதை வாங்கலாம், எதை விடலாம் என்று முடிவெடுக்க ஒரு அளவுகோல் வேண்டும். என்னைக் கேட்டால் அது சொல்லுக்குச் சொல் அளவுகோலேதான்: விகிதம்.

விகிதத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

கடையில் வரிசையாக நிற்கும் பொம்மைகள் எல்லாமே கிட்டத்தட்ட ஒரே பருமனில் இருக்கும். பெட்டிக்கும் விலைக்கும் தகுந்தபடி செய்வதால், பெரிய விலங்கைச் சுருக்கியும் சிறியதைப் பெருக்கியும் வைத்திருப்பார்கள். தனித்தனியாகப் பார்த்தால் குறை தெரியாது. வீட்டுக்குக் கொண்டுவந்து அருகருகே நிறுத்தினால், வாள்பல் பூனை மாமத்தின் பாதி உயரத்துக்கு மேல் வந்து நிற்கும். நிஜத்தில் அது மூன்றில் ஒரு பங்குதான்.

விகிதம் என்பது இவ்வளவுதான்: 1:20 என்றால் நிஜ விலங்கின் 20 செ.மீ., பொம்மையில் 1 செ.மீ. ஆண் கம்பளி மாமத்தின் தோள் உயரம் சுமார் 3 மீட்டர். 1:20இல் அது 15 செ.மீ., 1:40இல் ஏழரை செ.மீ. வாள்பல் பூனையான ஸ்மைலோடானின் தோள் உயரம் சுமார் 1 மீட்டர். 1:20இல் 5 செ.மீ. வரும், 1:40இல் வெறும் இரண்டரை. ராட்சத மானான மெகலோசெராஸ் தோளில் 2 மீட்டர், அதனால் 1:20இல் 10 செ.மீ. ஆனால் அதன் கொம்புகளின் விரிவு மூன்றரை மீட்டர் வரை போகும், அதற்குப் பதினேழரை செ.மீ. அகலம் ஒதுக்க வேண்டும். நிலத்தில் நடந்த பாலூட்டிகளிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்றான பாராசெரதீரியத்தின் தோள் 4.8 மீட்டர். 1:20இல் தோளே 24 செ.மீ. வந்துவிடும், கழுத்தும் தலையும் அதற்கு மேலே. அலமாரித் தட்டுகளுக்கு இடையே எவ்வளவு இடம் இருக்கிறது என்று வாங்குவதற்கு முன்பே அளந்து பார்த்துவிடுங்கள்.

எந்த விகிதம் நல்லது? பூனை, ஓநாய், பன்றி அளவுள்ள விலங்குகள் பிடிக்கும் என்றால் 1:20. முகம், நகம், மயிர் எல்லாம் தெரியும். யானை வம்சம்தான் உங்கள் இஷ்டம் என்றால் 1:35 அல்லது 1:40 போதும், இல்லாவிட்டால் இடம் பற்றாது. இரண்டையும் ஒரே தட்டில் கலக்காதீர்கள், தனித்தனித் தட்டு என்றால் பரவாயில்லை. 1:20 என்று முடிவு செய்தாலும் 1:18 முதல் 1:23 வரை இருப்பதை நான் ஏற்றுக்கொள்வேன். ஒரே இனத்திலும் பெரிது சிறிது உண்டு, ஆணுக்கும் பெண்ணுக்கும் வித்தியாசம் உண்டு. அந்த அளவு விட்டுக்கொடுக்கலாம்.

பெட்டியில் விகிதம் அச்சிட்டிருந்தாலும் ஒருமுறை நீங்களே அளப்பது நல்லது. கம்பளிக் காண்டாமிருகம் ஒன்று கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சமமான மேசையில் நிறுத்தி, முன்னங்காலை ஒட்டி ஸ்கேலைச் செங்குத்தாக வையுங்கள். ஒரு தபால் அட்டையைத் தோளின் உச்சியில் கிடையாகத் தொட்டபடி பிடித்தால், அது ஸ்கேலை வெட்டும் இடம்தான் உயரம். பல ஸ்கேல்களில் பூஜ்ஜியத்துக்கு முன்னால் கொஞ்சம் வெற்று இடம் இருக்கும், அதையும் கூட்டிக்கொள்ள வேண்டும். பொம்மை பீடத்தின் மேல் நின்றால் பீடத்தின் கனத்தைக் கழிக்க வேண்டும். 8.5 செ.மீ. வந்தது என்றால், நிஜ விலங்குக்கு 170 செ.மீ. என்று எடுத்துக்கொண்டு 170ஐ 8.5ஆல் வகுத்தால் 20. முடிந்தது.

பதுங்கும் நிலையிலோ பாயும் நிலையிலோ உள்ள பொம்மையில் தோள் உயரம் ஏமாற்றும். அதற்கு முன்னங்காலின் எலும்புகளைத் துண்டு துண்டாக நூல் வைத்து அளந்து கூட்டலாம். இணையத்தில் விற்பவர்கள் பெரும்பாலும் நீளத்தை மட்டும்தான் போடுவார்கள், அதிலும் வால், தந்தம், தும்பிக்கை எல்லாம் சேர்ந்திருக்கும். அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். தோள் உயரம் என்ன என்று கேட்டுவிடுங்கள்.

கடல் பாலூட்டிகளை மட்டும் இந்த விதியிலிருந்து விட்டுவிடலாம். பழங்காலத் திமிங்கிலமான பாசிலோசாரஸ் 15 முதல் 18 மீட்டர் நீளம். 1:40இல் செய்தாலே ஏறத்தாழ 40 செ.மீ. வேண்டும். தனியே ஒரு மூலையில் நீந்தட்டும்.

ஒரு காலம், ஒரு நிலம்

விகிதத்துக்கு அடுத்தது இது. டைனோசர்கள் அழிந்தது 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன். அதற்குப் பிந்திய காலம் முழுக்க நம்முடையது. யூயின்டாதீரியமும் மாமத்தும் ஒரே தட்டில் நின்றால், நடுவே கிட்டத்தட்ட நான்கு கோடி ஆண்டு இடைவெளி இருக்கிறது. வைக்கக் கூடாது என்று இல்லை. ஆனால் ஒரு காலத்தையும் நிலத்தையும் எடுத்துக்கொண்டால் தேட வேண்டியவற்றின் பட்டியல் தானே எழுதிக்கொள்ளும்.

தொடங்குவதற்குச் சுலபமானது பனியுகத்தின் யூரேசியப் புல்வெளி: கம்பளி மாமத், கம்பளிக் காண்டாமிருகம், ராட்சத மான், குகைக் கரடி, குகைச் சிங்கம். இவற்றைப் பல நிறுவனங்கள் செய்திருக்கின்றன, தேர்ந்தெடுக்க இடம் உண்டு. இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. கஸ்தூரி எருது, பனிமான், சைகா இரலை, ஓநாய் எல்லாம் அதே புல்வெளியில் மாமத்தோடு திரிந்தவை, இன்றும் உயிரோடு இருப்பவை. சாதாரண காட்டு விலங்குப் பொம்மை வரிசையிலிருந்தே அவற்றை எடுத்துச் சேர்க்கலாம். தட்டு சீக்கிரம் நிறையும், செலவும் குறைவு.

லாஸ் ஏஞ்சலிஸின் லா பிரேயா தார்க் குழிகள் இன்னொரு நல்ல தொடக்கம். அங்கே 4,000க்கும் மேற்பட்ட டைர் ஓநாய்களின் (அழிந்துபோன ஓநாய் போன்ற விலங்கு) எலும்புகள் கிடைத்திருக்கின்றன. ஸ்மைலோடானும் ஏராளம். கூடவே கொலம்பிய மாமத், யானை போன்ற மாஸ்டடான், தரையில் வாழ்ந்த ஸ்லாத் (மரத்தில் தொங்கும் இன்றைய ஸ்லாத்தின் பெரிய உறவு). தென் அமெரிக்கா பிடித்தவர்கள் ராட்சதத் தரை ஸ்லாத்தான மெகாதீரியம், ஓடு மூடிய டோயிடிக்யூரஸ், மக்ரௌகேனியா என்று போகலாம், பொறுமை இருந்தால். திமிங்கிலங்கள் நிலத்திலிருந்து கடலுக்குப் போன வழியை ஆம்புலோசீட்டஸ், பாசிலோசாரஸ் என்று வரிசைப்படுத்துபவர்களும் உண்டு. அழகான யோசனைதான், ஆனால் பொம்மைகள் கிடைப்பது கஷ்டம். முதல் தட்டாக அதை எடுக்க வேண்டாம்.

டைமெட்ரோடானைப் பற்றி ஒரு வார்த்தை. முதுகில் பாய்மரம் போல விசிறி வைத்த அந்த விலங்கை டைனோசர் பெட்டிகளில் போட்டு விற்கிறார்கள். அது டைனோசரும் இல்லை, பாலூட்டியும் இல்லை. ஆனால் பாலூட்டிகளின் கிளையைச் சேர்ந்தது, முதல் டைனோசருக்குப் பல கோடி ஆண்டு மூத்தது. நம் அலமாரியில் அதற்கு உரிமையுள்ள இடம் உண்டு என்பது என் கட்சி.

யார் செய்கிறார்கள்

இப்போது புதிதாக வாங்கக்கூடிய நிறுவனங்களில் கலெக்டாவை முதலில் சொல்ல வேண்டும். மற்றவர்கள் தொடாத விலங்குகளைத் தொடுவது அவர்கள்தான். டீலக்ஸ் வரிசையில் பன்றி போன்ற டேயோடான், குதிரை போன்ற தலையுள்ள மோரோபஸ், பாராசெரதீரியம் போன்றவை 1:20இல் வந்திருக்கின்றன. அமெரிக்காவின் சஃபாரி நிறுவனம் 1982 முதல் இருக்கிறது. தொல்பாலூட்டிகளில் நெடுங்காலமாக நல்ல பெயர், வண்ணம் மட்டும் சில சமயம் எளிமையாக இருக்கும். பிரான்சின் பாப்போ செதுக்குவதில் கைதேர்ந்தது. மயிர்க்கற்றை, தோல் சுருக்கம் எல்லாம் பார்க்கப் பார்க்கச் சலிக்காது. ஆனால் அறிவியல் துல்லியத்தை விடத் தோற்றத்துக்குத்தான் அவர்கள் முதலிடம் கொடுப்பார்கள். ஸ்பெயினைச் சேர்ந்த ஈயோஃபானா 2017இல் புல்வெளி மாமத்தை 1:40இல் செய்து களத்தில் இறங்கியது. நேர்த்தந்த யானை, டைனோதீரியம் என்று 1:35இல் தொடர்ந்தது. யானை வம்சம் சேர்ப்பவர் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். எலும்பிலிருந்து தொடங்கி உடலைக் கட்டியிருப்பது பார்த்தவுடன் தெரியும்.

ஜெர்மனியின் புல்லிலாண்டும் ஷ்லைக்கும் செய்த பழைய பனியுக விலங்குகள் இரண்டாம் கைச் சந்தையில் அடிக்கடி வரும். மோஜோ சிறிய அளவில், சிக்கனமாக, சில அபூர்வ விலங்குகளைத் தரும்.

பழங்காலத்துப் பொம்மைகள் தனி உலகம். 1950, 60களில் அமெரிக்காவின் மார்க்ஸ் நிறுவனம் ஒரே நிறத்தில் மெழுகு போன்ற பிளாஸ்டிக்கில் வார்த்தவை, பிரான்சின் ஸ்டார்லக்ஸ் செய்த கெட்டிப் பிளாஸ்டிக் உருவங்கள், லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்காக இன்விக்டா 1974இலிருந்து செய்த வரிசையின் மாமத். இவற்றை வடிவத் துல்லியத்துக்காக யாரும் வாங்குவதில்லை, அந்தக் காலத்துக்காக வாங்குகிறார்கள். தொடக்கத்திலேயே இதில் இறங்க வேண்டாம். ஒரு வருடம் போகட்டும்.

உடலைப் படியுங்கள்

அதிக நேரம் செலவிட வேண்டியது இங்கேதான். ஒரு பொம்மையை வாங்குவதற்கு முன் அந்த விலங்கின் எலும்புக்கூட்டுப் படத்தை, பக்கவாட்டில் எடுத்ததை, ஒருமுறையாவது பார்த்துவிடுங்கள். பொம்மையின் படத்தை அதன் அருகில் வைத்துப் பாருங்கள். பத்து நிமிடம்கூட ஆகாது.

மாமத்தில் தொடங்குவோம். மட்டமான பொம்மை என்றால் இன்றைய யானைக்கு மயிர் ஒட்டியதுதான். உண்மையான கம்பளி மாமத்தின் தலை உச்சி கோபுரமாக எழும், அதற்குப் பின்னால் கழுத்தில் ஒரு பள்ளம், மறுபடி தோளில் ஒரு திமில், அங்கிருந்து இடுப்பு வரை முதுகு சரிந்து இறங்கும். காது சின்னது. குளிரில் வெப்பம் வீணாகாமல் இருக்க அப்படி. ஆப்பிரிக்க யானை மாதிரி முறக் காது இருந்தால் அந்தப் பொம்மையை வைத்துவிடுங்கள். வாலும் குட்டை. தந்தம் வெளிப்புறம் விரிந்து, வளைந்து, நுனி உள்நோக்கித் திரும்ப வேண்டும். தும்பிக்கை நுனியில் மேலே நீண்ட ஒரு விரலும் கீழே அகன்ற ஒரு மடலும் இருந்தது உறைபனியில் கிடைத்த உடல்களிலிருந்து நமக்குத் தெரியும். அதைச் செதுக்கியிருக்கிற பொம்மை என்றால் செய்தவர் படித்துவிட்டுச் செய்திருக்கிறார் என்று அர்த்தம்.

ஸ்மைலோடானில் எல்லோரும் பல்லைத்தான் பார்ப்பார்கள். வாலைப் பாருங்கள். சிங்கத்துக்கு இருப்பது போல நீண்ட வால் இருந்தால் தப்பு. அது கட்டை வால் விலங்கு. முன்னங்கால்களும் தோளும் பருத்து, பின்பக்கம் சற்றுத் தாழ்ந்து இருக்க வேண்டும். பல் கூம்பு மாதிரி உருண்டையாக இருக்கக் கூடாது, இரண்டு பக்கமும் தட்டையாக, கத்தி அலகு போல. மென்மையான பிளாஸ்டிக்கில் மெல்லிய பல் வைப்பது கஷ்டம் என்பதால் பல நிறுவனங்கள் தடிமனாக்கிவிடுகின்றன. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளலாம், வாழைப்பழத் தடிமன் என்றால் வேண்டாம்.

கம்பளிக் காண்டாமிருகத்தின் முன்கொம்பு பக்கவாட்டில் தட்டையானது. உருளையான கொம்பு இன்றைய ஆப்பிரிக்கக் காண்டாமிருகத்திலிருந்து இரவல் வாங்கியது. தலை புல்லை நோக்கித் தாழ்ந்து தொங்க வேண்டும். பிரான்சின் ஷோவே குகை ஓவியங்களில் காண்டாமிருகங்களின் வயிற்றைச் சுற்றி ஒரு கருப்புப் பட்டை தீட்டியிருக்கிறார்கள். அந்தப் பட்டையோடு வரும் பொம்மையைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. ராட்சத மானுக்கும் அப்படியே: தோளில் திமிலும் அதில் இருண்ட நிறமும் குகை ஓவியங்களில் இருக்கின்றன. அன்றைய மனிதர்கள் நேரில் பார்த்து வரைந்தது, அதைவிட நல்ல சான்று வேறென்ன?

மெகாதீரியத்தைத் திருப்பிப் பின்பாதத்தைப் பாருங்கள். அந்த விலங்கு பாதத்தின் வெளி விளிம்பில் ஊன்றித்தான் நடந்தது. பாதம் முழுவதும் தரையில் பட, கரடி மாதிரி நிற்க வைத்திருந்தால் செதுக்கியவர் அதைக் கவனிக்கவில்லை. வாங்கலாமா என்றால், மெகாதீரியம் கிடைப்பதே அரிது என்பதால் வாங்குங்கள். மாமத்தில் இந்தச் சலுகை கிடையாது.

சில விலங்குகளில் பொம்மையின் வயதே தோற்றத்தில் தெரிந்துவிடும். ஆண்ட்ரூசார்க்கஸுக்கு 1923இல் மங்கோலியப் பகுதியில் கண்டெடுத்த ஒரு மண்டையோடு மட்டும்தான் ஆதாரம், நீளம் 83 செ.மீ. உடல் முழுக்க ஊகம். முன்பெல்லாம் ராட்சத ஓநாயாகச் செய்தார்கள். இப்போது அதை டேயோடான் போன்ற என்டெலோடான்டுகளுக்கும் நீர்யானைகளுக்கும் நெருங்கியது என்று கருதுவதால், புதிய பொம்மைகளில் கால்களும் உடலும் அந்தப் பக்கம் சாய்ந்திருக்கும். காண்டாமிருக இனமான எலாஸ்மோதீரியத்துக்கு நெற்றியில் நீண்ட ஒற்றைக் கொம்பு வைப்பது வழக்கம். கொம்பு எதுவும் புதைபடிவமாகக் கிடைக்கவில்லை, மண்டையோட்டில் உள்ள மேட்டை வைத்துச் செய்த ஊகம். அந்த இடத்தில் சின்ன முகடுதான் இருந்திருக்கும் என்று வாதிடுபவர்களும் இருக்கிறார்கள். மக்ரௌகேனியாவின் மூக்கும் அதே கதை. பழையவற்றில் தும்பிக்கை தொங்கும், புதியவற்றில் பருத்த உதடும் மூக்கும் மட்டும். இப்படிப்பட்டவற்றில் எது சரி என்று சண்டை போடுவதை விட, பழையதும் புதியதுமாக இரண்டை வாங்கி அருகருகே வைப்பது சுவாரசியம். விகிதத்தை மீறினாலும் இதற்கு மட்டும் நான் விலக்கு அளிப்பேன்.

நிறத்தில் ரொம்பக் கறாராக இருக்க வேண்டாம். பெரும்பாலானவற்றின் நிறம் யாருக்கும் தெரியாது. உறைபனியில் மயிரோடு கிடைத்தவை மட்டும் விலக்கு. 2020இல் சைபீரியாவின் யாகூட்டியாவில் கண்டெடுத்த ஹோமோதீரியம் குட்டியின் உடலை 2024இல் விவரித்து வெளியிட்டார்கள், அதன் மயிர் அடர் பழுப்பு. ஆக வாள்பல் பூனைகளில் ஒன்றின் நிறம், அதுவும் குட்டிப் பருவத்து நிறம், கையில் இருக்கிறது.

இரண்டாம் கையாக வாங்கும்போது

முதலில் வயிற்றைக் காட்டச் சொல்லுங்கள். நிறுவனத்தின் பெயர், ஆண்டு, பல சமயம் விலங்கின் பெயரும் வயிற்றிலோ உள்தொடையிலோ பதிந்திருக்கும். அந்த ஆண்டு அச்சு உருவான ஆண்டு. பொம்மை வார்த்த ஆண்டு பல வருடம் பிந்தியதாகவும் இருக்கலாம், அதனால் “இது முதல் வார்ப்பு” என்று விற்பவர் சொன்னால் அந்த எண் மட்டும் சாட்சி ஆகாது. எதுவுமே பதியவில்லை, அல்லது எழுத்து கரைந்தது போல மங்கிக் கிடக்கிறது என்றால் நகலாக இருக்க வாய்ப்பு அதிகம். நகல்கள் அசலிலிருந்து அச்செடுப்பதால் கொஞ்சம் சுருங்கியும், மயிர் வரிகள் மழுங்கியும் இருக்கும். மார்க்ஸ் பொம்மைகளில் இன்னொரு சிக்கல்: அசல் அச்சுகளிலிருந்தே பிற்காலத்தில் மறுபடி வார்த்து விற்றார்கள். அவை நகல் இல்லை, ஆனால் பழசும் இல்லை. மறுவார்ப்புக்கு உரிய விலைக்குத்தான் வாங்க வேண்டும்.

படத்தில் கவனிக்க வேண்டிய இடங்கள் தந்த நுனி, கொம்பு நுனி, காது விளிம்பு, வால். முதலில் உடைவதும் சாயம் தேய்வதும் அங்கேதான். ராட்சத மான் என்றால் கொம்பைத் தனியாகப் படம் கேளுங்கள், இரண்டு பக்கத்திலிருந்தும். விற்பவர் ஒரே ஒரு படம், அதுவும் தூரத்திலிருந்து போட்டிருந்தால் பொறுமையாக இன்னும் கேளுங்கள். தரவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

“தயாரிப்பு நின்றுவிட்டது, சீக்கிரம்” என்ற அவசரத்துக்கு மடங்க வேண்டாம். அதே விலங்கை வேறு நிறுவனம் இன்னும் விற்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். பெரும்பாலான நிறுவனங்கள் அடுத்த வருடப் பட்டியலை முன்கூட்டியே அறிவித்துவிடும். அதில் உங்கள் விலங்கு இருந்தால் பழையதன் விலையும் கொஞ்சம் இறங்கும்.

வளைந்து வந்தால்

பெட்டிக்குள் நெருக்கி அடைத்ததால் தந்தம் கோணிக்கொண்டோ கால் வளைந்தோ வருவது சகஜம். மென்மையான பி.வி.சி. பொம்மை என்றால் பயப்பட ஒன்றும் இல்லை. கொதித்து இறக்கிச் சற்றே ஆறிய நீரில் வளைந்த பகுதியை மட்டும் ஒரு நிமிடம் முக்கிவையுங்கள். இடுக்கியால் எடுத்து, கையுறை போட்டுக்கொண்டு, வேண்டிய வடிவத்துக்குத் திருப்பிப் பிடியுங்கள். அப்படியே பிடித்த கையோடு குளிர்ந்த நீரில் ஒரு நிமிடம் வைத்தால் அந்த வடிவத்தில் நின்றுவிடும். முதல் தடவையில் பாதிதான் நேராகும், மறுபடி செய்யலாம். ஒரேயடியாகத் திருகினால் சாயத்தில் வெடிப்பு விழும். நான்கு காலும் தரையைத் தொடாமல் ஆடினால், காலைச் சூடாக்கியதும் சமமான கண்ணாடி மேல் நிறுத்தி மெல்ல அழுத்தினால் போதும்.

ரெசின் உருவங்களுக்கும் ஸ்டார்லக்ஸ் போன்ற கெட்டிப் பிளாஸ்டிக்குக்கும் இந்த வைத்தியம் கிடையவே கிடையாது. உடையும். தட்டிப் பார்த்தால் கணீரென்று கேட்பவை, நகத்தால் அழுத்தினால் சற்றும் கொடுக்காதவை, இவற்றிடம் வெந்நீரோடு போகாதீர்கள்.

வைப்பது, துடைப்பது

வெயில் படும் இடம் வேண்டாம். சாயம் வெளுப்பது ஒரு பக்கம், சூட்டில் மெலிந்த கால்கள் உடல் பாரத்தில் மெல்ல மெல்ல வளைந்து ஒரு நாள் மான் முகம் குப்புறக் கிடக்கும். கனமான மாமத்துக்குத் தடித்த கால், பிரச்சினை இல்லை. மான், மக்ரௌகேனியா போன்ற ஒல்லிக் கால் விலங்குகளுக்கு வயிற்றின் கீழ் ஒரு சிறு தாங்கல் கொடுத்துவிடுங்கள். பாறை மாதிரி ஏதாவது வைத்தால் கண்ணுக்கும் தெரியாது.

தூசிக்கு மிருதுவான ஒப்பனைத் தூரிகை போதும். மயிர் வரிகள் போகும் திசையிலேயே துடையுங்கள். அழுக்கு படிந்திருந்தால் வெதுவெதுப்பான நீரும் மிதமான சோப்பும். நகச்சாயம் நீக்கும் திரவம், ஸ்பிரிட் பக்கமே போகாதீர்கள், சாயம் கையோடு வந்துவிடும். பழைய பி.வி.சி. பொம்மை பிசுபிசுத்தால், பிளாஸ்டிக்கை மென்மையாக வைத்திருக்கச் சேர்த்த எண்ணெய்ப் பொருள் வெளியே கசிகிறது என்று அர்த்தம். சோப்பு நீரில் கழுவி, நிழலில் உலர்த்தி, மற்றப் பொம்மைகளில் ஒட்டாமல் தள்ளி வையுங்கள். மென்மையான பி.வி.சி.யைத் தெர்மாகோல் மேலோ ஒளி ஊடுருவும் கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டியிலோ நேரடியாக மாதக்கணக்கில் படவிட்டால், கசியும் அந்தப் பொருள் அதை அரித்து ஒட்டிக்கொள்ளும். அப்படி நேரடியாகப் படவிடாதீர்கள்.

சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் பழைய பொம்மைகளை எட்டாத உயரத்தில் வையுங்கள். அந்தக் காலச் சாயங்களில் என்ன இருந்தது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

பதிவு

கணினியில் ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். விலங்கின் பெயர், நிறுவனம், வயிற்றில் உள்ள ஆண்டு, தோள் உயரம், கணக்கிட்ட விகிதம், எங்கே எப்போது வாங்கியது, என்ன குறை. தோள் உயரமும் விகிதமும் இல்லாத பட்டியலால் பயன் பாதிதான். மற்ற சேகரிப்பாளரோடு பேசும்போது முதலில் கேட்கும் கேள்வி அதுதான், இரண்டாவது பொம்மையை அதே தட்டில் வாங்கலாமா என்று தீர்மானிப்பதும் அதை வைத்துத்தான். வாங்கியவுடன் இருபக்கமும் வயிறும் தெரியப் படம் எடுத்துச் சேர்த்துவிடுங்கள்.

சாயம் பூசலாமா

அபூர்வமான பழைய பொம்மையில் கை வைக்காதீர்கள், மதிப்பு போய்விடும். எப்போதும் கிடைக்கும் ஒன்றில் தாராளமாகப் பழகலாம். சோப்பு நீரில் நன்றாகக் கழுவி உலர்த்தியதும் தூரிகையால் பூசும் அக்ரிலிக் அடிப்பூச்சு ஒரு மெல்லிய படலம் போடுங்கள். தெளிப்பான் வகை அடிப்பூச்சுகளில் சில, மென்மையான பி.வி.சி. மேல் காயவே காயாமல் ஒட்டிக்கொண்டே இருக்கும். முதலில் உள்தொடையில் கொஞ்சம் அடித்து ஒரு நாள் விட்டுப் பாருங்கள்.

மயிருள்ள விலங்குகள் புதியவருக்குச் சாதகமானவை. அடர்ந்த பழுப்பை நீர்க்கக் கரைத்து மேலெல்லாம் ஓடவிட்டால் மயிர் இடுக்குகளில் தானே தங்கும். காய்ந்தபின், வெளிர் நிறத்தில் தோய்த்த தூரிகையைக் காகிதத்தில் துடைத்து, கிட்டத்தட்ட உலர்ந்த நிலையில் மயிரின் குறுக்கே லேசாக ஓட்டினால் மேடுகள் மட்டும் ஒளிரும். இந்த இரண்டும் தெரிந்தால் மட்டமான மாமத்தும் ஒரு படி ஏறிவிடும். கண்ணை மட்டும் கடைசியில், பளபளப்பு வார்னிஷ் ஒரு சொட்டு வைத்து முடியுங்கள். மார்க்ஸ் மாதிரி மெழுகுப் பிளாஸ்டிக்கில் எந்தச் சாயமும் பிடிக்காது, உரியும்.

கொடுத்து வாங்குதல்

கொஞ்ச நாளில் விகிதத்தில் சேராதவை, இரட்டையாக வந்தவை என்று ஒரு பெட்டி சேரும். அவற்றைத் தூக்கிப் போடாதீர்கள். அபூர்வ விலங்குகள் பெரும்பாலும் பணத்துக்கு வருவதில்லை, பண்டமாற்றில்தான் வருகின்றன. ஒருவரிடம் 1:20இல் மிஞ்சிய ஸ்மைலோடான் இருக்கும், இன்னொருவர் 1:35 தட்டில் நெட்டையாக நிற்கும் டேயோடானை வைத்துக்கொண்டு விழிப்பார். அனுப்பும்போது உடலை விட நீட்டிக்கொண்டிருக்கும் பகுதிகளைத்தான் முதலில் சுற்ற வேண்டும்: தந்தம், கொம்பு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே மெல்லிய காகிதம், அதன் மேல் குமிழ்த்தாள், கால்களுக்கு நடுவே காகிதச் சுருள். குமிழ்த்தாளின் குமிழ்ப் பக்கம் வெளியே இருக்கட்டும், நேரடியாகச் சாயத்தில் பட்டால் கோடைக்காலத்தில் வட்ட வட்டமாகத் தடம் பதியும். பெட்டியை ஆட்டிப் பாருங்கள். உள்ளே சத்தம் கேட்டால் இன்னும் கொஞ்சம் காகிதம் திணித்துவிட்டு ஒட்டுங்கள்.